மூக்கம்மா வரவில்லை

மூக்கம்மா பெரியம்மா போன ஆடி மாதத்து மழையில் எங்கள் வீட்டில் இறந்தார். எங்கள் வீடு என்று எழுதுகிறேனே தவிர, அது எங்களுடையது இல்லை. நடுவட்டத்துக்குக் கீழே உள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில் கம்பெனி கொடுத்திருக்கும் வீடு. என் அம்மா தபித்தாள் அங்கே கொழுந்து பறிக்கிறாள். அம்மாவுக்கு வேலை இருக்கிற வரைக்கும் வீடு இருக்கும். வேலை முடிந்தால், வீட்டிலிருந்து வேறு யாராவது எஸ்டேட்டில் வேலைக்குச் சேர வேண்டும். சேரவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு மலை இறங்க வேண்டியதுதான். எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

பெரியம்மா எனக்கு ரத்த உறவு இல்லை. பக்கத்து வீடு. லயம் என்றால் ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். நடுச்சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்தைத் தாண்டிக் கொஞ்சம் ஏறி நின்றுவிடும். அதற்கு மேலே தகரத்துக்கு அடியில் எல்லோருக்கும் ஒரே காற்று, ஒரே புகை. அங்கே மிளகாய் கிள்ளிப் போட்டால் இங்கே நாங்கள் தும்முவோம். தீப்பெட்டி, உப்பு, காய்ச்சல் மாத்திரை எல்லாம் சுவருக்கு மேலேயே கைமாறும். அம்மா சுவரைப் பார்த்து "அக்கா" என்று கூப்பிடுவாள், சுவர் "என்னாடி" என்று கேட்கும். சின்ன வயதில் எனக்குப் பெரியம்மா என்றால் பாதி அந்தச் சுவர்தான்.

அவர் பிறந்தது இலங்கையில், கண்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில். சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, மண்டபம் முகாமில் வைத்து, பிறகு இந்த மலைக்கு அனுப்பினார்கள். வீட்டின் உள் அறையைக் கடைசி வரைக்கும் 'காம்பரா' என்றுதான் சொன்னார். ஒச்சப்பன் பெரியப்பா நெஞ்சு வியாதியில் போனபோது மகள் மாலதி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், மகன் வசந்த்குமார் இடுப்பில் இருந்தான். அதன் பிறகு பெரியம்மா தனியாகத்தான் வளர்த்தார். கூடலூர் பஸ் சாயங்காலம் பிள்ளைகளை ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து லயத்துக்குத் தேயிலைக்குள் இறங்கி வர வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் எது புதர், எது காட்டெருமை என்று தெரியாது. பெரியம்மா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு டார்ச் லைட்டோடு மேலே ஏறி நிற்பார். எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லோருமே அந்த வெளிச்சத்துக்குப் பின்னால்தான் வீடு வந்தோம்.

மாலதியை ஈரோட்டில் கட்டிக்கொடுத்தார். வசந்த்குமார் டிப்ளமோ முடித்துத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போனான். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போன மறுநாள் பெரியம்மா செய்த முதல் காரியம், நெத்திலிக் கருவாடு வாங்கி வந்து வறுத்தது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அந்த வாடை ஆகாது. வளர்கிற வயது முழுக்க அவர்களுக்காக விட்டிருந்தார். லயம் முழுக்க வாடை.

"என்னாக்கா, பையன் ஊருக்குப் போனதுக்கு விருந்தா?" என்று அம்மா சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"ஆமாடி. நாக்கு செத்துக் கிடந்துச்சு. தட்டை நீட்டு."

அடுத்த வருடம் நான் பி.எட். முடித்துக் குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சனிக்கிழமை வருவேன், ஞாயிறு சாயங்காலம் போவேன். அம்மா வாரம் முழுக்க அழுதாளாம். பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து திட்டுவாராம்: "ஏன்டி, புள்ள குன்னூருக்குத்தான போயிருக்கா, குவைத்துக்கா போயிட்டா? அழுது முடிச்சிட்டுச் சொல்லு, டீ போடறேன்."

அவர் அழவில்லை என்று லயத்தில் சிலருக்கு வருத்தம். கல் நெஞ்சு என்றார்கள். ஆனால் அம்மா ஒன்றைப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் கூடலூர் பஸ் வருகிற நேரத்தில் பெரியம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறிப் போவார். பஸ் நிற்கும். இவருக்கு வேண்டிய யாரும் இறங்க மாட்டார்கள். திரும்பி வருவார். எங்கே போனாய் என்று கேட்டால், "வெத்தலை வாங்க" என்பார். ஒருமுறை அம்மா, "வெத்தலைக் கடை கீழ இருக்கு, நீ மேல போறியே" என்று சொல்லிவிட்டாள்.

"காட்டெருமைக்கு லைட் அடிக்கப் போனேன். பாவம், அதுக்கும் கண்ணு தெரிய வேணாமா?"

அன்றோடு அந்தப் பழக்கம் நின்றது. நிறுத்தினார் என்பதுதான் சரி.

இறப்பதற்கு இரண்டு வருடத்துக்கு முன் பெரியம்மாவுக்கு ஓய்வு வயது வந்தது. மஸ்டர் எடுக்கும் இடத்தில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் களத்தில், மாலை போட்டு, வடையும் டீயும் கொடுத்தார்கள். ஃபீல்டு ஆபீசர் தரணிதரன் நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டு, ஆனி முடிவதற்குள் வீட்டைக் காலி செய்துவிடச் சொன்னார். சொன்னதில் தப்பில்லை, அதுதான் வழக்கம். எல்லோரும் அப்படித்தான் போனார்கள். ஓய்வு பெற்றவர்கள் கோயமுத்தூருக்கோ திருப்பூருக்கோ பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். முதல் பொங்கலுக்கு ஒருமுறை வந்து எல்லோரையும் பார்ப்பார்கள். அடுத்த பொங்கலுக்கு வர மாட்டார்கள்.

வசந்த்குமார் நல்ல பையன். அதையும் எழுதத்தான் வேண்டும். திருப்பூரிலேயே மனைவி காயத்ரி, சின்ன மகன் கிருத்திக்கோடு இருந்தான். தினமும் போன் செய்வான். பெரியம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். சுவர் அப்படி இருப்பதால் எங்களுக்கும் எல்லாம் கேட்கும்.

"அம்மா, பெரிய வீடாப் பாத்து மாறிட்டோம். உனக்குத் தனி ரூம். வெஸ்டர்ன் டாய்லெட். முட்டி வலிக்குதுன்னு சொன்னியே."

"பாக்கலாம்பா."

"கிருத்திக் அப்பத்தா எப்ப வரும்னு கேக்கறான். காயத்ரி வீட்டுப் பழக்கம், அப்படிச் சொல்லிக் குடுத்திருக்கா. ஆனி கடைசில வண்டி எடுத்துட்டு வரேன்."

"பாக்கலாம்பா."

வரமாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் 'பாக்கலாம்' என்றால் பாதி சம்மதம். மகன் அதை முழுச் சம்மதமாக எடுத்துக்கொண்டான். லயமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. அம்மா மட்டும் ஒருநாள் கேட்டாள்.

"அக்கா, நெஜமா போறியா?"

 சுவர் திருப்பிக் கேட்டது: "உனக்கு இன்னும் எத்தனை வருசம்டி வேலை இருக்கு?"

"அது கிடக்கு ஆறு வருசம். ஏன்?"

"உன் காம்பராவுல ராத்திரி யாரு படுக்கறா?"

"யாரு படுப்பா? டீச்சரம்மா வந்தா படுப்பா. மத்த நாளு வெங்காயந்தான் கிடக்கு."

"வெங்காயத்தை அடுப்படிக்கு மாத்து."

இவ்வளவுதான். இதற்கு மேல் அவர்கள் பேசவே இல்லை என்று அம்மா சொன்னாள். பெரிய முடிவு எடுத்தவர்கள் மாதிரி அவர்கள் நடந்துகொள்ளவும் இல்லை.

நான் வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு மாறினார்கள். வெளியே எட்டி வைக்க முடியாத மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. வாசல் வழியாகத் தூக்கினால் சாமான் நனையும், லயமே வந்து கேள்வி கேட்கும். பெரியம்மா தன் வீட்டில் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ஏறினார். அம்மா எங்கள் வீட்டில் மேஜைமேல் ஏறினாள். சுவருக்கு மேலே முதலில் வந்தது அரிசி டின். பிறகு குண்டான், தோசைக்கல், கம்பளி, ரேடியோ. ஒச்சப்பன் பெரியப்பா போட்டோ தலைகீழாக வந்தது.

"ஏய், நேராப் புடிடி. மனுசனுக்கு ஏற்கெனவே தலைசுத்து."

"நீதான் தலைகீழாக் குடுத்த!"

"இருந்தப்பவும் அப்படித்தான் நின்னாரு. வாங்கு, வாங்கு, கை நோவுது."

அம்மா சிரித்ததில் மேஜை ஆடியது. கீழே நின்று வாங்கி வைத்த எனக்குக் கை வலித்தது, வயிறும் வலித்தது. சுவரைத் தாண்டாதவை இரண்டே சாமான்கள்: ஒரு இரும்புக் கட்டில், ஒரு படிக்கிற மேஜை. வசந்த்குமார் கல்லூரியில் படித்தபோது அவனுக்காக வாங்கியவை. அவற்றை மட்டும் இருட்டின பிறகு வாசல் வழியாகத் தூக்கி எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் சாத்தி, சாக்குப் போட்டு மூடினோம். மறுநாள் காலை மஸ்டரில் பெரியம்மா தரணிதரன் கையில் சாவியைக் கொடுத்தாராம். சொன்ன தேதிக்கு முன்பே கொடுத்ததற்கு அவர் நன்றி சொன்னாராம். கொழுந்து ஏராளமாக வந்து ஆள் பற்றாமல் தவிக்கிற நாட்கள் அவை. எஸ்டேட்டில் 'ரஷ்' என்பார்கள். ஓய்வு பெற்றவர்களையும் தினக்கூலிக்குக் கூப்பிடுவார்கள். சாவியைக் கொடுத்த கையோடு பெரியம்மா பறிக்கும் பையை மாட்டிக்கொண்டு அம்மாவோடு மலையேறிவிட்டார்.

ஆனி கடைசிச் சனிக்கிழமை வசந்த்குமார் ஒரு டாடா ஏஸ் வண்டியோடு வந்தான். அம்மாவும் பெரியம்மாவும் காட்டில், அதாவது தேயிலையில், இருந்தார்கள். அவன் வீட்டில் எஸ்டேட் பூட்டு தொங்கியது. வரிசையில் நாலு வீடு தட்டிக் கேட்டான். சாவி கொடுத்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் மூட்டை வெளியே போனதை யாரும் பார்க்கவில்லை; ராத்திரி எங்கள் வீட்டில் படுப்பதை ஆபீசுக்குப் பயந்து யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பஸ்ஸில் தனியாகக் கிளம்பிவிட்டாரோ என்று நடுவட்டம் கடைவீதி வரைக்கும் போய்த் தேடிவிட்டு, வியர்த்துப்போய் எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"டீச்சர், அம்மா எங்க?" எனக்கு வேலை கிடைத்ததிலிருந்து அவனுக்கும் நான் டீச்சர்தான்.

"காட்டுக்குப் போயிருக்கு, வசந்தண்ணே."

"ரிட்டயர் ஆனதுக்குக் காட்டுல என்ன வேலை?"

"ரஷ்ஷுக்குக் கூப்பிட்டாங்க."

"சாமானெல்லாம்?"

நான் விலகி நின்றேன். அவன் உள்ளே பார்த்தான். இயேசு படத்துக்குப் பக்கத்து ஆணியில் அவன் அப்பா. அடுப்படியில் அவன் வீட்டுக் குண்டான். அண்ணாந்து சுவரைப் பார்த்தான். அவனும் லயத்தில் பிறந்தவன்தான், நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மேல தூக்கிப் போட்டீங்களா?"

"போடல. குடுத்தோம்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கியதும் முகம் கோபமாக மாறியது. வண்டிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தான்.

அம்மாவும் பெரியம்மாவும் நனைந்து வந்தார்கள். பெரியம்மா காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மகனைப் பார்த்தார்.

"வந்துட்டியா. சாப்பிட்டியா?"

"என்னம்மா இது?"

"எது?"

"பாக்கலாம்னு சொன்னியே. நான் வீட்டையே மாத்திட்டேன்."

"பாக்கலாம்னா பாக்கலாம்னுதான் அர்த்தம். பாத்தேன். வரல."

"அதை போன்ல சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ அன்னைக்கே வந்து நிப்ப. அழுவ. எனக்கும் மனசு கேக்காது. மூட்டை இந்தப் பக்கம் வந்தப்புறம் நீ வரட்டும்னுதான் இருந்தேன்."

வசந்த்குமார் எழுந்து நின்றான். "ஊர்ல என்னம்மா பேசுவாங்க? பெத்தவள அடுத்தவங்க வீட்டுல விட்டுட்டான்னு பேச மாட்டாங்களா?"

"நீ எங்கடா விட்ட? நான்தான் வரல. ஊர்ல அதையே சொல்லு."

"கிருத்திக்கப் பாத்துக்க ஆள் இல்லம்மா. காயத்ரி திரும்ப வேலைக்குப் போகணும். உன்னை நம்பித்தான்..."

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். நானும் போயிருக்க வேண்டும். போகவில்லை. பெரியம்மா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்தார்.

"இதைச் சொல்லு. இதை மொதல்ல சொல்லியிருந்தா மரியாதை. புள்ளையப் பாத்துக்க ஆள் வேணும்னு கேளு. அம்மாவுக்குத் தனி ரூம்னு சொல்லாத."

"ரெண்டுந்தான்மா."

"ரெண்டுந்தான். எனக்குத் தெரியும்டா." குரல் இறங்கியது, உடனே ஏறியது. "நான் ரெண்டு வளத்தேன். ஒத்தையா வளத்தேன். அந்த வேலைலருந்தும் எனக்கு ரிட்டயர் குடுங்க. உன் புள்ள உன் வேலை."

"பேரன்மேல ஆசை இல்லையா உனக்கு?"

"இல்லாமயா? ஆசைக்கு வருவேன். லீவுக்கு வருவேன். ஆசைக்கு வர்றது வேற, ஆளா வர்றது வேற."

அவன் மறுபடி உட்கார்ந்தான். பெரியம்மா படியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இங்க பாரு. அங்க இருந்து கிளம்பினப்ப வரியான்னு என்னை ஒருத்தரும் கேக்கல. மூட்டை கட்டுனாங்க, கப்பல்ல ஏத்துனாங்க. உங்கப்பனக் கட்டுறப்பவும் கேக்கல. இப்ப நீதான் மொத மொத வரியாம்மான்னு கேட்ட. நல்லது. கேட்டா ரெண்டு பதில் இருக்கணும்ல? வரேன்னு மட்டுந்தான் சொல்லணும்னா அதுக்குப் பேரு கேக்கறதா?"

டீ வந்தது. எல்லோரும் குடித்தோம். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அடுத்த மழைக்கு முன்னால் மலை இறங்க வேண்டும் அவருக்கு.

"வண்டி சும்மாவா போகுது?" என்று பெரியம்மா எழுந்தார். தாழ்வாரத்தில் சாக்கை விலக்கினார். "இந்தா, உன் கட்டில், உன் மேஜை. ஏத்திக்க. நாங்க ரெண்டு கிழவிங்க இடிச்சுக்கறோம். கிருத்திக் பெரியவனானா படிக்கட்டும்."

"அம்மா, இது இங்கயே இருக்கட்டும்மா. நான் வந்தா..."

"வந்தா பாய் இருக்கு."

அவன்தான் ஒரு முனை பிடித்தான், பெரியம்மா இன்னொரு முனை. தாயை ஏற்றிப்போக வந்த வண்டி மகனுடைய சாமான்களை ஏற்றிக்கொண்டு போனது. அவன் முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகக் கடைசி வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டே போனான். பெரியம்மா கையாட்டினார். வளைவு திரும்பியதும் உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அன்று கருவாடு வறுக்கவில்லை. வறுக்கட்டுமா என்று அம்மா கேட்டதற்கு, "இன்னைக்கு ரசம் போதும்டி" என்றார்.

அதோடு முடியவில்லை. எஸ்டேட் வீட்டில் வேலைக்காரரின் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் தங்கக் கூடாது என்று விதி. யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் தரணிதரன் குடையோடு வந்து நின்றார். பெரியம்மா காலி செய்த வீட்டில் அதற்குள் ஜார்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் குடியேறியிருந்தது.

"தபித்தாள், உங்க வீட்ல யாருங்க இருக்காங்க?"

"எங்க அக்காங்கய்யா."

"மூக்கம்மாவா? நீங்க வேதக்காரங்க. அவங்க நெத்தில திருநீறு. அக்காங்கறீங்க?"

அம்மா உள்ளே திரும்பிப் பார்த்தாள். உள்ளேயிருந்து பெரியம்மா வந்தார்.

"ஏனுங்கய்யா, எங்க புள்ளைங்க போன எடத்துக்கு நீங்க ஜார்கண்ட்லருந்து புள்ளைங்கள வரவச்சுக்கலாம். எங்களுக்குப் புள்ளைங்க போன எடத்துக்கு ஒரு அக்கா வரக் கூடாதுங்களா? நான் ரயில்ல கூட வரலீங்க. சுவரேறித்தான் வந்தேன்."

அவர் சிரிக்கக் கூடாது என்று முயன்றது தெரிந்தது. "விதின்னு ஒண்ணு இருக்கில்லீங்களா?"

"இருக்குங்க. ஏழாம் நம்பர் காட்டுல கொழுந்து முத்திக் கிடக்கறதும் இருக்குங்க. நான் காலி பண்றேன். நாளைக்கு மஸ்டருக்கு என்னைத் தேடாதீங்க."

தரணிதரன் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார். "ரஷ் முடியற வரைக்கும் இருந்துக்குங்க. அப்புறம் பாக்கலாம்."

அவர் தூரம் போனதும் பெரியம்மா அம்மாவின் விலாவில் இடித்தார். "ரஷ் வருசா வருசம் வரும்டி."

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. நான் சனிக்கிழமை வந்தால் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அம்மா ஜெபம் செய்யும்போது பெரியம்மா ரேடியோவை வைப்பார். பெரியம்மா தூங்கும்போது அம்மா பாத்திரம் உருட்டுவாள். திருப்பூருக்கு வாக்குக் கொடுத்தபடி பள்ளி விடுமுறைக்குப் போவார். போகும்போதே திரும்புகிற நாளைச் சொல்லிவிட்டுத்தான் போவார். அங்கே அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லையாம். "விருந்தாளி சமையக்கட்டுக்குப் போனா மரியாதையா இருக்காது" என்று நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாராம். பேரனை மடியில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் காட்டெருமைக் கதை. காயத்ரிக்கு முதலில் கோபம். பிறகு அவளே எனக்கு போன் செய்து சொன்னாள்: "அக்கா, அத்தை கூட இருந்திருந்தா நாங்க ரெண்டு பேரும் அடிச்சிட்டிருப்போம். இப்ப எப்ப வருவாங்கன்னு இருக்கு." கிருத்திக்குக்கு அவர்கள் கம்பெனிப் பக்கத்திலேயே ஒரு பிள்ளைகள் காப்பகம் கிடைத்திருந்தது.

போன ஆடியில் ஒரு மத்தியானம், காட்டிலிருந்து வந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவர், நெஞ்சை என்னவோ பண்ணுது என்றாராம். அம்மா ஜீப்புக்கு ஆள் அனுப்பினாள். ஜீப் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் குன்னூரிலிருந்து வந்து சேரும்போது மாலதி வந்திருந்தாள். வசந்த்குமார் ஒரு ஆம்புலன்ஸோடு வந்திருந்தான்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மழையில் சொந்தக்காரர்கள் மலையேற முடியாது, எங்கே மண் சரியுமோ தெரியாது. திருப்பூரில் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டான். "இருந்தப்பத்தான் என்கூட வெச்சுக்க முடியல. போறப்பவாவது என் வீட்டுலருந்து போகட்டும்" என்று அழுதான். ஸ்ட்ரெச்சர் வாசலுக்கு வந்துவிட்டது.

என் அம்மா வாழ்க்கையில் யாரையும் எதிர்த்துப் பேசியவள் இல்லை. எதிர்க்க வேண்டியதை எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா எதிர்த்துக்கொள்வார். அன்று அவள் நிலைப்படியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றாள்.

"வசந்து, உசுரோட இருந்தப்ப வரலைன்னு உன் மொகத்துக்கு நேரா சொன்னா. இப்ப வாய் இல்லைன்னு தூக்கிட்டுப் போறியா?"

"சித்தி, நான் புள்ள."

"நீதான்யா புள்ள. நான் இல்லைங்கல. மொத மண்ணு நீதான் தள்ளணும். இங்க தள்ளு."

"இங்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

அவன் அக்காவைப் பார்த்தான், சாதகமாக ஏதாவது சொல்வாள் என்று. மாலதி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "விடுடா. அம்மாவ அங்க கொண்டுபோயிப் பாரு, மூணாம் நாளே எந்திரிச்சு ஊட்டி பஸ் எத்தனை மணிக்குடான்னு கேக்கும்."

கூடியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தபடியே ஓலம் எழுந்தது. எங்கள் லயத்தில் அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை.

தரணிதரன் தள்ளி நின்றிருந்தார். எஸ்டேட் இடுகாடும் வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்குத்தான். யாரோ அவரிடம் அதைப் பற்றிக் கேட்கப் போனார்கள். அவர் அம்மாவைக் காட்டி, "அக்கான்னுதானே சொன்னாங்க" என்றார்.

வசந்த்குமார் வெளியே போனான். ஆம்புலன்ஸைத் திருப்ப அந்த ரோட்டில் இடம் இல்லை. மெயின் ரோடு வரைக்கும் பின்பக்கமாகவே ஏற்ற வேண்டும். அவன்தான் மழையில் பின்னால் நடந்து, "வா, வா, ரைட்ல ஒடி" என்று கை காட்டிக்கொண்டே மேலே கொண்டுபோய் விட்டான். திரும்பி வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவிடம் கேட்டான்.

"மம்பட்டி எங்க சித்தி இருக்கு?"